“440ங்க” என்றால் எத்தனை வோல்ட்? மெஷின் வரையும் முன்பும், மாட்டிய மெஷின் மக்கர் செய்யும்போதும் பார்க்க வேண்டியவை

சேலத்தில் மெஷினும், அதை இயக்கும் மின்சாரப் பேனலும் செய்து கொடுப்பது என் தொழில். ஆர்டர் பேசும்போது “அங்க சப்ளை எத்தனை வோல்ட்டுங்க?” என்று கேட்பேன். ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) மில் நடத்துகிறவரும், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவரும், செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரும் சொல்லும் பதில் ஒன்றுதான். “த்ரீ ஃபேஸுங்க. நானூத்தி நாப்பது.”

மண்டை ஓடும் எலும்பும் வரைந்த அபாயப் பலகையில் சின்ன வயதிலிருந்து பார்த்த எண் அது. அதை எழுதிக்கொண்டு போய் டிராயிங் போடத் தொடங்கினால் பின்னால் மோட்டார் எரியும், அல்லது நின்று நின்று ஓடும்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே சப்ளைக்கு நம் ஊரில் நான்கு எண்கள் புழங்குகின்றன. டிரான்ஸ்ஃபார்மர் நேம்பிளேட்டில் 433 என்று இருக்கும். லோடு இல்லாதபோது அதன் வாயிலில் வரும் வோல்டேஜ் அது. மோட்டார் நேம்பிளேட்டில் 415 இருக்கும். 1983-ல் உலக அளவில் 230/400 என்று ஒழுங்கு செய்த பிறகு வந்த கேட்லாக்குகளில் 400 இருக்கும். பலகையில் 440. லோ டென்ஷன் (தாழ்வழுத்த) சப்ளை 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலிருந்து வரும் கணக்கு. 415-ல் 6 சதவீதத்தைக் கூட்டினால் 440, கழித்தால் 390. ஆக, வாடிக்கையாளர் சொல்வது அந்த எல்லையின் மேல் விளிம்பை. மெஷினுக்கு உண்மையில் வரப்போவது 360 ஆகவும் இருக்கலாம், 450 ஆகவும் இருக்கலாம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு லோடு ஓடும்போது என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

கீழே உள்ளதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே மாட்டிய மெஷினில் கோளாறு இருப்பவர் தன் அறிகுறியைத் தேடிப் படிக்கலாம். புதிதாக வரையப் போகிறவர் முழுதும் படித்தால், எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் எந்தக் கோளாறு வரும் என்று தெரியும்.

முதலில் அளக்கும் முறை. இது உயிரோடு இருக்கும் லைன். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும். மீட்டர், அதன்மேல் எழுதியிருக்கும் பாதுகாப்புத் தரத்தில் கேட் 3 (CAT III), 600 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தோல் விட்ட புரோபைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களுக்குள் ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் என மூன்று அளவு, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மூன்று அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று. ஏழையும் எழுத வேண்டும். இ.பி. மீட்டர் பெட்டியில் அளந்தால் போதாது. மெஷின் உட்காரப் போகும் இடத்தின் சுவிட்சில் அளக்க வேண்டும். இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்பது முதல் அறிகுறியிலேயே விளங்கும்.

மோட்டார் முனகுகிறது, வேகம் பிடிக்கவில்லை, ஓவர்லோடு ட்ரிப் ஆகிறது

ஏற்காட்டில் ஒரு தோட்டத்துக்கு காப்பிப் பழம் தோலுரிக்கும் பல்பரும் கழுவும் மெஷினும் ஒரே 10 எச்.பி. மோட்டாரில் ஓடும்படி செய்து கொடுத்தேன். போனில் கேட்டேன், “440” என்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் அளந்து வரச் சோம்பல்பட்டு அதையே நம்பினேன். அறுவடை உச்சத்தில் கூப்பிட்டார்கள். “அண்ணே, மோட்டாரு ம்ம்னு கத்துது, சுத்த மாட்டேங்குது. பழம் மூட்டை மூட்டையா கெடக்குது.” பறித்த பழத்தை அன்றைக்கே உரிக்காவிட்டால் புளித்துப்போகும். ஒரு நாள் தாமதம் என்றாலும் காப்பியின் தரம் போய்விடும்.

போய்ப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் ரோட்டோரம். பல்பர் ஷெட் ஓடைக்குப் பக்கத்தில், 300 மீட்டர் கீழே. இடையில் போட்டிருந்தது 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள். ஷெட்டில் சும்மா இருக்கும்போது 396. கொஞ்சம் கம்மி, ஆனால் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கச் சொல்லி மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்டாரில் (குறைந்த விசையில் கிளப்பும் இணைப்பு) மோட்டார் பாதி வேகம்கூட எடுக்கவில்லை. அதற்குள் டைமர் டெல்டாவுக்கு (முழு விசையில் ஓட்டும் இணைப்பு) மாற்றியது. ஷெட்டுக்குள் எரிந்த பல்பு சுருங்கிச் சிவந்தது. மீட்டர் 359 காட்டியது. டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) 80 ஆம்பியருக்கு மேல். சில நொடியில் ரிலே விழுந்தது.

கணக்கும் இதையே சொல்கிறது. 16 சதுர அலுமினியத்துக்கு கிலோமீட்டருக்கு 1.91 ஓம். 300 மீட்டருக்கு 0.57 ஓம். 10 எச்.பி. மோட்டார் ஓடும்போது எடுக்கும் 14 ஆம்பியருக்கு 12 வோல்ட் இறங்கும். அது பரவாயில்லை. ஸ்டார்ட்டில் ஆறு மடங்கு கரண்ட் போகும்போது 36 வோல்ட்டுக்கு மேல் இறங்கும் (அந்த நொடியில் மோட்டாரின் பவர் ஃபேக்டர் குறைவு என்பதால் இறக்கம் ஆறு மடங்காகாது). மோட்டாரின் திருகு விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 415-க்குச் செய்த மோட்டாருக்கு 359 கொடுத்தால் விசை முக்கால் பங்குதான். ஸ்டாரில் இருக்கும்போது ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குதான் விசை. ஹாப்பரில் பழம் நிரம்பியிருந்தால் அது எப்படிச் சுற்றும்?

ஆகவே இந்த அறிகுறிக்குப் பார்க்கும் வரிசை இது. சும்மா இருக்கும்போதும், ஸ்டார்ட் செய்யும் நொடியிலும், ஓடும்போதும் மெஷின் வாயிலில் அளங்கள். அதே ஸ்டார்ட்டின்போது டிரான்ஸ்ஃபார்மர் பக்கமும் ஒருவர் அளக்கட்டும். அங்கே இறங்காமல் இங்கே மட்டும் இறங்கினால் கேபிள் போதவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மரோ அதற்கு முந்தைய லைனோ தாங்கவில்லை. அதை இ.பி.யிடம்தான் பேச வேண்டும். எங்கேயும் இறங்கவில்லை, ஆனாலும் முனகுகிறது என்றால் டெர்மினல் பெட்டியைத் திறங்கள். டெல்டாவில் ஓட வேண்டிய மோட்டாரை யாராவது ஸ்டாரில் கட்டியிருப்பார்கள்.

அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு ஹாப்பரைக் காலி செய்து, டைமர் நேரத்தைக் கூட்டி, வெறும் மெஷினாக ஸ்டார்ட் செய்து ஓடிய பிறகு பழம் கொட்டச் சொன்னேன். அறுவடை வீணாகாமல் பிழைத்தது. பிறகு 50 சதுர அலுமினியக் கேபிள் மாற்றினார்கள். அதற்குக் கிலோமீட்டருக்கு 0.64 ஓம்தான், ஸ்டார்ட்டில் இறக்கம் 14 வோல்ட்டுக்குள் நின்றது. அளந்துவிட்டு வரைந்திருந்தால் ஆரம்பத்திலேயே டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) போட்டு ஸ்டார்ட் கரண்டைக் கட்டுப்படுத்தியிருப்பேன், கேபிள் செலவும் அவர்களுக்குக் குறைந்திருக்கும். அந்தச் செலவு என் கேள்வி சரியில்லாததால் வந்தது. இன்றும் மனதில் உறுத்துகிறது.

மலைக்கு வரைகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மோட்டார்களின் தரம் 1,000 மீட்டர் வரைக்கும், 40 டிகிரிச் சூட்டுக்கும் என்று வைத்துத்தான் சொல்லப்படுகிறது. உயரத்தில் காற்று லேசானது, குளிர்விப்பது குறையும். ஆனால் ஏற்காட்டுக் குளிர் அதை மோட்டாருக்கு ஈடு கட்டிவிடும். டிரைவுக்கு அப்படியே நினைத்துவிடாமல், உயரத்துக்கு எவ்வளவு குறைக்கச் சொல்கிறது என்று அதன் மேனுவலில் பாருங்கள். மூடிய பேனலுக்குள் வெளிக்குளிர் முழுதாகப் போய்ச் சேராது.

லோடே இல்லை, மோட்டார் கொதிக்கிறது

பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை ஓட்டி, மூன்று ஃபேஸிலும் கரண்ட் பாருங்கள். மூன்றும் சமமாக, ஆனால் அளவுக்கு மேல் இருந்தால் நேம்பிளேட்டைத் துடைத்து நிதானமாகப் படியுங்கள்.

வெளிநாட்டு மெஷினோடு வந்த சின்ன மோட்டார்களில் “230/400, டெல்டா/ஸ்டார்” என்று இருக்கும். நம் சப்ளைக்கு அதை ஸ்டாரில்தான் கட்ட வேண்டும். நம் ஊர் எலக்ட்ரீஷியன் கை பெரிய மோட்டார்களை டெல்டாவில் கட்டிப் பழகிய கை. அப்படிக் கட்டினால் ஒவ்வொரு சுருளுக்கும் 1.73 மடங்கு வோல்டேஜ் போகும். சில நிமிடங்களில் வார்னிஷ் வாடை வந்துவிடும்.

அடுத்தது 380 வோல்ட், 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) மோட்டார். 415 கொடுத்தால் 9 சதவீதம் அதிகம். இரவில் 435 வந்தால் 14 சதவீதம் அதிகம். இரும்பு நிறைந்துபோய், விசைக்கு உதவாத கரண்ட் ஏறும். உடனே எரியாது. இரண்டு வருடத்தில் எரியும், “மோட்டாரே சரியில்லை” என்று பெயர் வரும். இப்படிப்பட்ட மெஷினோடு சேர்த்து நாம் ஏதாவது வரைந்தால், 415-ஐ 380 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் டிராயிங்கில் சேர்த்துவிட வேண்டும்.

மூன்று கரண்டும் சமமாக இல்லாவிட்டால் அது வேறு கதை. வோல்டேஜ்களின் சராசரி எடுங்கள், அதிலிருந்து அதிகம் விலகியதைப் பாருங்கள். 412, 400, 388 என்றால் சராசரி 400, விலகல் 12, அதாவது 3 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் வோல்டேஜில் 1 சதவீதம் விலகினால் கரண்டில் 6 முதல் 10 சதவீதம் வரை விலகும். 5 சதவீதம் வந்துவிட்டால் மோட்டாரை ஓட்டவே கூடாது. ஒரு ஃபேஸில் மட்டும் வெல்டிங் செட்டும் வீட்டு லைனும் மொத்தமாகத் தொங்குகிறதா என்று பாருங்கள்.

கான்டாக்டர் டகடகவென்று அடிக்கிறது

கான்டாக்டர் என்பது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச். அதன் காயில் (காந்தச் சுருள்) மீது எழுதியிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். 85 சதவீதத்துக்குக் கீழே போனால் கான்டாக்டர் இழுக்கும் என்று உறுதி கிடையாது. 415 காயில் என்றால் அந்த எல்லை 353. மேலே சொன்ன தோட்டம் போன்ற இடத்தில் ஸ்டார்ட் நொடியில் அதன் பக்கத்தில் போய்விடும். 230 காயில் போட்டு நியூட்ரலை நம்பினால், நியூட்ரல் லூஸாகும்போது இதே சத்தம் வரும். இதனால்தான் நான் பேனலுக்குள் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, பிரைமரியில் 380, 400, 415, 440 என்று டேப் (வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் இணைப்புப் புள்ளி) எடுத்து வைக்கிறேன். சைட்டில் அளந்து பார்த்து மாட்டிக்கொள்ளலாம். இரண்டாம் பக்கம் 24 வோல்ட் டி.சி. சப்ளை போட்டால் இன்னும் நிம்மதி.

பகலில் ஓடுகிறது, ராத்திரியில் டிரைவ் ட்ரிப் ஆகிறது

சேகோ மில்களில் இது அடிக்கடி வரும். குச்சிக்கிழங்கு வரத்து அதிகமான மாதங்களில் ராத்திரியும் ஓட்டுவார்கள். டிஸ்ப்ளேயில் ‘ஓவர் வோல்டேஜ்’ என்று வரும். காலையில் நாம் போய் அளந்தால் 418, எல்லாம் சுத்தம். “நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா ஓடுதுங்க” என்பார் சூப்பர்வைசர். அவர் சொல்வது உண்மை. தவறு நாம் போன நேரத்தில்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் அளங்கள். சுற்றுவட்டாரப் பட்டறைகளெல்லாம் நின்ற பிறகு லைன் மேலே ஏறும். ஹை டென்ஷன் (உயரழுத்த) கனெக்‌ஷனில் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற மில்லாக இருந்தால் டேப் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். ஏதோ ஒரு கோடையில் வோல்டேஜ் குறைந்ததென்று டேப்பை ஏற்றியிருப்பார்கள், இறக்க மறந்திருப்பார்கள். சாதாரணமாக ஒரு படிக்கு 2.5 சதவீதம். இரண்டு படி ஏறி நின்றால் 415 இருக்க வேண்டிய இடத்தில் 435. அந்த டேப்பை டிரான்ஸ்ஃபார்மரை முழுதாக அணைத்த பிறகுதான் திருப்ப வேண்டும், லைவில் தொடவே கூடாது.

அடுத்து கெப்பாசிட்டர் பேனல். பவர் ஃபேக்டருக்காகப் போட்ட கெப்பாசிட்டர்கள், பகலில் இருபது மோட்டார் ஓடும்போது தேவை. ராத்திரி நான்கு மோட்டார் மட்டும் ஓடும்போதும் அத்தனையும் லைனில் இருந்தால் வோல்டேஜை இன்னும் தூக்கும். ஆட்டோ ரிலே வேலை செய்கிறதா, மேனுவலில் போட்டு விட்டுவிட்டார்களா என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு மில்லில் செலக்டர் சுவிட்ச் மேனுவலில் நின்றது. ஆட்டோவுக்குத் திருப்பியதும் 452-லிருந்து 438-க்கு வந்தது. டேப்பையும் ஒரு படி இறக்கிய பிறகு ட்ரிப் நின்றது.

பெரிய மோட்டாரைச் சட்டென்று நிறுத்தும் மெஷினில் சப்ளை சரியாக இருந்தும் இதே எழுத்து வரும். மோட்டாரே ஜெனரேட்டராகி டிரைவுக்குள் வோல்டேஜைத் திருப்பி அனுப்பும். ட்ரிப் வருவது நிறுத்தும்போது மட்டும்தானா என்று ஆபரேட்டரிடம் கேட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஒரு பல்பு பிரகாசம், மற்றவை மங்கல்

இங்கே மெஷினைத் தேட வேண்டாம், உடனே அணையுங்கள். இரண்டு காரணம் இருக்கும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒன்றில் ஏறக்குறைய 230, மற்ற இரண்டில் சுமார் பாதி என்று வந்தால், டிரான்ஸ்ஃபார்மரின் ஹை டென்ஷன் பக்கம் ஒரு ஃப்யூஸ் போயிருக்கிறது. மழைக்காலத்தில் சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் கிளை லைன்மேல் விழுந்தாலும் இது வரும். ஒன்றில் 300-க்கு மேல், இன்னொன்றில் 100 சொச்சம் என்று வந்து, லோடு மாற மாற அந்த எண்களும் அலைந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. அந்த 300 வோல்ட்டில், மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான பி.எல்.சி.யின் பவர் சப்ளைகூடப் போய்விடும்.

லோ டென்ஷன் பக்கம் ஒரு ஃபேஸ் போன நிலையில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் மீட்டர் ஏமாற்றும். ஓடும் மோட்டார், போன ஃபேஸில் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கும். 370, 380 என்று காட்டும், “மூணும் வருதே” என்று விட்டுவிடுவோம். டாங் டெஸ்டர் பொய் சொல்லாது. அந்த ஃபேஸில் கரண்ட் பூஜ்யமாக இருக்கும். விவசாய லைனில் மெஷின் வைக்கப் போகிறவரிடம் மூன்று ஃபேஸும் எந்தெந்த நேரம் வருகிறது என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) இல்லாமல் அங்கே பேனல் அனுப்பக் கூடாது.

இ.பி.யில் ஓடுகிறது, ஜெனரேட்டரில் நிற்கிறது

ஜெனரேட்டரை லோடு இல்லாமலும், மெஷின் ஸ்டார்ட் ஆகும் நொடியிலும் அளங்கள், வோல்டேஜோடு சைக்கிளையும். சும்மா ஓடும்போது 52, லோடு ஏறியதும் 50 என்றால் கவலை இல்லை. 46-க்கு இறங்கினால் ஜெனரேட்டர் சிறியது. எத்தனை கே.வி.ஏ. என்று ஆர்டர் பேசும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

வெளிநாட்டுக்கு அனுப்பிய மெஷின் வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது

நம் நான்கு துருவ மோட்டார் 50 சைக்கிளில் 1,440 சுற்று போகும். 60 சைக்கிள் ஊரில் அதே மோட்டார் 1,700-ஐத் தாண்டும். விசிறிக்கும் பம்புக்கும் லோடு வேகத்தின் மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்ப ஏறும், அதாவது 1.2 மடங்கு வேகத்துக்கு 1.73 மடங்கு பவர். நைஜீரியாவுக்கு மரவள்ளி மெஷின் அனுப்பினால் 415, 50 சைக்கிள், நம்மைப் போலத்தான். அமெரிக்காவில் 480, 60. அங்கேயும் பழையவர்கள் “440” என்பார்கள், சில கட்டடங்களில் 208 மட்டுமே இருக்கும். கனடாவில் 600. சவூதியில் 60 சைக்கிள். ஜப்பானில் 200 வோல்ட், கிழக்கே 50, மேற்கே 60. நாட்டின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாமல் ஊரையும் கட்டடத்தையும் கேளுங்கள்.

ஹீட்டர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 400-க்குச் செய்த ஹீட்டருக்கு 415 கொடுத்தால் 7.6 சதவீதம் சூடு அதிகம். 208-ல் மாட்டினால் கால் பங்கு சொச்சம்தான் வரும்.

வரையும் முன் நான் இப்போது கேட்பது

எண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டேன், போட்டோ கேட்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் நேம்பிளேட் ஒன்று, அதே ஷெட்டில் வருடக்கணக்காக நன்றாக ஓடும் ஏதாவது ஒரு மோட்டாரின் நேம்பிளேட் ஒன்று. இந்த இரண்டாவது போட்டோவுக்கு நிகர் எதுவும் இல்லை, அந்த இடத்தின் சப்ளை எதற்கு ஒத்துவருகிறது என்று அதுவே சொல்லிவிடும். பிறகு இ.பி. பில், ஜெனரேட்டர் நேம்பிளேட், மீட்டர் பெட்டியிலிருந்து மெஷின் வரை எத்தனை மீட்டர், என்ன கேபிள், நியூட்ரல் வருகிறதா என்ற விவரம்.

அதோடு காலை, லோடு உச்சத்தில் இருக்கும் நேரம், ராத்திரி என மூன்று வேளை, மேலே சொன்ன ஏழு அளவுகளும். மீட்டர் திரை தெரியும்படி போட்டோ. பக்கத்து ஊராக இருந்தால் நானே போய்விடுகிறேன். ஏற்காடு இப்போது எனக்குப் பக்கத்து ஊர்தான்.

இதெல்லாம் கையில் வந்ததும் டிராயிங்கின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போடுகிறேன்: பெயரளவு வோல்டேஜ், அளந்ததில் குறைந்தது, அளந்ததில் கூடியது, சைக்கிள், ஃபேஸ், நியூட்ரல் உண்டா இல்லையா, அளந்த இடம், அளந்த தேதி. அதற்குக் கீழே வாடிக்கையாளர் கையெழுத்து. அது வந்த பிறகே மோட்டாருக்கு ஆர்டர் போடுகிறேன்.